மலைமேல் இருக்கும் யூத வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிறீர்களா? கடலூரில் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியவை

கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும், "அக்கா, இஸ்ரேல்ல வயசானவங்கள பாத்துக்கற வேலை வந்திருக்கு, போலாமா?" என்று என்னிடம் கேட்டு வரும் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். சம்பளத்தையும் விசாவையும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அந்த வீட்டு அடுப்படியில் எந்தக் கத்தியை எதற்கு எடுப்பது, சனிக்கிழமை எந்த ஸ்விட்சைத் தொடுவது என்று எந்த ஏஜென்ட்டும் சொல்லித்தருவதில்லை. மதக் கட்டுப்பாடு உள்ள வீட்டில் உங்கள் வேலை நிலைப்பதும் நிலைக்காததும் அதில்தான் இருக்கிறது.

நான் இருந்தது வடக்கு இஸ்ரேலில் உள்ள கலிலேயாவில், சஃபேத் நகருக்குப் பக்கத்து மலை ஒன்றின் உச்சியில். மதக் கட்டுப்பாட்டோடு வாழும் குடும்பங்கள் மட்டுமே உள்ள குடியிருப்பு. நான் பார்த்துக்கொண்ட பாட்டியம்மா பாக்தாத்தில் பிறந்தவர். 1950, 51 வாக்கில் ஈராக்கிலிருந்து யூதர்கள் பெரும் கூட்டமாக இஸ்ரேலுக்கு வந்தபோது சிறுமியாக வந்து சேர்ந்தவர். மகன் குடும்பத்தோடு, ஏழு பேரப்பிள்ளைகள் நடுவே இருந்தார்.

கிளம்பும் முன்

ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. பொதுவாக இந்த விசாவில் 63 மாதம் வரை இருக்கலாம் என்பதையும், உங்கள் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள். அங்கே சம்பளத் தகராறு வந்தால் காவ் லஓவெத் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு உதவி செய்யும்.

ஒப்பந்தத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். அதை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மலைமேல் வளர்ந்துவரும் மதக் குடியிருப்புகளில் பல, 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் இருக்கின்றன. அந்த மலைகளைச் சுற்றிப் பாலஸ்தீனர்களின் ஊர்களும் ஒலிவத் தோட்டங்களும் இருக்கின்றன. அந்தக் குடியிருப்புகள் சர்வதேசச் சட்டத்துக்கு விரோதமானவை என்று ஐக்கிய நாடுகள் சபையும் பெரும்பாலான நாடுகளும் சொல்கின்றன, இஸ்ரேல் அதை ஏற்பதில்லை. அங்கே வேலைக்குப் போகலாமா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்கள்தான். ஆனால் விமானம் ஏறிய பிறகு அது தெரியவரக் கூடாது. எல்லைக்கு எந்தப் பக்கம், பாதை எப்படி, பேருந்து உண்டா என்று இங்கிருந்தே கேளுங்கள். நான் கலிலேயா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். மாயிம் என்றால் தண்ணீர், கோஎவ் லி என்றால் எனக்கு வலிக்கிறது, லெஆத் என்றால் மெதுவாக. இந்த மூன்றும் தெரிந்தால் முதல் இரவைக் கடத்திவிடலாம். தெற்கே நெவாத்தீம் போன்ற ஊர்களில் கொச்சியிலிருந்து போன யூதர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர்களிடம் மலையாளமே பேசலாம்.

அந்த இடம் எப்படி இருக்கும்

ஒரே ஒரு வாசல், அதில் இரும்புக் கதவு. உள்ளே ஜெபாலயம், மழலையர் பள்ளி, சின்ன மளிகைக் கடை. ஓரத்தில் கேரவன் என்று சொல்லும் பெட்டி வீடுகளில் புதுக் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அவர்கள் நிரந்தர வீடு கட்டுவார்கள், பெட்டி வீட்டில் அடுத்த குடும்பம் குடியேறும். வீட்டுக்கு ஐந்து, ஆறு, எட்டு குழந்தைகள். எங்காவது பிரசவம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குச் சமைத்து அனுப்புவார்கள். உங்களையும் அந்த முறையில் சேர்த்துக்கொண்டால், எந்த வீட்டு அடுப்பில், எந்தப் பாத்திரத்தில் சமைப்பது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கெமாக் என்று ஒன்று உண்டு, இலவசமாக இரவல் தரும் ஏற்பாடு. கல்யாண உடை முதல் குழந்தை வண்டி வரை யாராவது ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். நோயாளிக்குக் கமோடு நாற்காலி, வாக்கர், சக்கர நாற்காலி வேண்டும் என்றால் யாட் சாரா என்ற அமைப்பு நாடு முழுவதும் முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறது. 1976இல் எருசலேமில் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் காசு போட்டு வாங்குமுன் நீங்களே நினைவுபடுத்துங்கள், அந்த ஒரு சொல்லிலேயே உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

மலை என்பதால் எல்லாப் பாதையும் சரிவு. ஏற்றத்தில் சக்கர நாற்காலியை முன்னால் தள்ளுங்கள். இறக்கத்தில் நீங்கள் பின்னோக்கி நடந்து, நாற்காலியின் கனம் உங்கள் உடம்பில் தாங்கும்படி இறக்குங்கள். நின்றால் முதலில் பிரேக். இதை இங்கேயே சில்வர் பீச் பக்கம் ஏதாவது சாய்வுப் பாதையில் யாரையாவது உட்கார வைத்துப் பழகிக்கொண்டு போங்கள். குடியிருப்பைச் சுற்றிக் கம்பம் நட்டு மேலே கம்பி ஓடும். அதற்கு எருவ் என்று பெயர். அந்த எல்லைக்குள்தான் சனிக்கிழமையில் ஒரு பொருளைத் தெருவில் தூக்கிக்கொண்டு போகவும் வண்டி தள்ளவும் அவர்களுக்கு அனுமதி. வாராவாரம் சரிபார்ப்பார்கள். காற்றில் கம்பி அறுந்திருந்தால் சொல்லிவிடுவார்கள். பாட்டியை வெளியே கூட்டிப்போகுமுன் "இந்த வாரம் எருவ் சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படி

இங்கேதான் நேரம் எடுத்துப் படிக்க வேண்டும். இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்பது அடிப்படை. சமைப்பதில் மட்டுமில்லை, சட்டி, தட்டு, கரண்டி, கத்தி, தேய்க்கும் ஸ்பாஞ்ச், துடைக்கும் துணி எல்லாமே இரண்டு ஜோடி. பல வீடுகளில் தொட்டியே இரண்டு. இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். இரண்டிலும் சேராத காய், பழம், முட்டை, மீன், எண்ணெய் இவற்றைப் பார்வே என்பார்கள். போன முதல் நாளே ஒவ்வொரு அலமாரியையும் திறந்து, எது எதற்கு என்று கேட்டு, தமிழில் துண்டுச் சீட்டு எழுதி உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கறி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் பால் கிடையாது. சில குடும்பங்களில் மூன்று, சிலவற்றில் ஒன்று. மதியம் கோழி சாப்பிட்ட பாட்டிக்கு நான்கு மணிக்குப் பால் காபி நீட்டக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் இந்தக் கணக்கை வைத்துத்தான் மாத்திரை, சிற்றுண்டி நேரத்தை அமைக்க வேண்டும். முதல் வாரமே மகளோ மருமகளோ உட்கார்ந்திருக்கும்போது ஒரு அட்டவணை போட்டுவிடுங்கள்.

நம் சமையல் பழக்கத்தில் மாட்டும் இடங்கள் சில. கோழியைத் தயிரில் ஊறவைக்க முடியாது, பிரியாணிக்கு நெய் கிடையாது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக் குழம்பு வைக்கலாம், ஆனால் பார்க்கிறவர்கள் பசும்பால் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தேங்காய்ப்பால் டப்பாவை மேசையில் தெரியும்படி வைப்பார்கள். வெங்காயம், பூண்டு போல நெடி உள்ளதை இறைச்சிக் கத்தியால் நறுக்கினால் அந்த வெங்காயமே இறைச்சிக் கணக்கில் சேர்ந்துவிடும், பால் பண்டத்தில் போட முடியாது. வெங்காயத்துக்கென்று பார்வே கத்தி ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முட்டையை நேரே வாணலியில் உடைக்காமல் ஒரு கண்ணாடித் தம்ளரில் உடைத்துப் பாருங்கள். ரத்தப் புள்ளி இருந்தால் கொட்டிவிட வேண்டும். கீரையில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது. ஊறவைத்து, அலசி, இலை இலையாக வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அரிசியும் அப்படித்தான், வெள்ளைத் துணியில் பரப்பிப் பொறுக்குவார்கள். இந்தப் பொறுமை நமக்கு இருக்கிறது. நம் அம்மாக்கள் முறத்தில் செய்த வேலைதான்.

துறைமுகத்து ஊர்க்காரர்களுக்குக் கஷ்டமான விஷயம் மீன். செதிலும் துடுப்பும் இரண்டும் உள்ள மீன் மட்டும்தான் ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. சென்னாக்குன்னிப் பொடி ஒரு பாட்டில் பெட்டியில் இருக்கட்டும் என்று எடுத்துப் போகாதீர்கள். உங்கள் அறையில் வைத்தாலும் அவர்களுக்கு அது பெரிய விஷயம். உங்கள் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, தனி அடுப்பும் சட்டியும் தருவார்களா என்று ஒப்பந்தம் பேசும்போதே கேளுங்கள். எனக்கு ஒரு மின் அடுப்பும் இரண்டு சட்டியும் கொடுத்தார்கள். கடையில் கோஷர் முத்திரை, அதாவது அவர்கள் மதவிதிப்படி ஆகும் என்ற முத்திரை, பார்த்து வாங்கிய பொருளை வைத்தே ரசமும் பொரியலும் செய்துகொண்டேன். ஈராக் யூதர் வீடு என்றால் சோறு தாராளமாக இருக்கும். கோழிக்குள் அரிசியை அடைத்து இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வேகவிடும் தபீத் என்ற பண்டம், நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும். ஆம்பா என்று மாங்காய் ஊறுகாய் ஒன்று வைப்பார்கள். பம்பாயோடு வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் கொண்டுபோன சுவை அது.

எப்போதாவது பால் கரண்டி கறிக் குழம்பில் விழுந்துவிட்டால் கழுவித் திரும்ப வைத்துவிடாதீர்கள். அப்படியே தனியே எடுத்து வைத்து, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் மதகுருவான ரபியிடம் கேட்டு, அதைத் தூக்கி எறிவதா, கொதிநீரில் தூய்மைப்படுத்துவதா என்று முடிவு செய்வார்கள். சொன்னால் கோபப்பட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால் பிறகு உங்களை அடுப்படிக்குள் விட மாட்டார்கள்.

குத்தும் இரண்டு விதிகள்

இதை மழுப்பாமல் எழுத வேண்டும். யூதர் அல்லாதவர் முழுக்கத் தனியாகச் சமைத்த சில வகை உணவை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். சில குடும்பங்களில் அடுப்பை அவர்கள் பற்ற வைத்துக் கொடுத்தால் போதும், மற்றதை நீங்கள் செய்யலாம். ஈராக், மொராக்கோ வழி வந்த குடும்பங்களில் சட்டியை அடுப்பில் ஏற்றுவதையே வீட்டார் செய்ய வேண்டும் என்பார்கள். இன்னொன்று திராட்சை மது. காய்ச்சாத மது பாட்டில் திறந்திருந்தால் அதை நீங்கள் எடுத்து ஊற்றக் கூடாது. ஊற்றினால் அவர்களுக்கு அது ஆகாது. காய்ச்சி அடைத்த மதுவுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

தனி டம்ளரைப் பார்த்தும் கேட்டும் வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். "அதைத் தொடாதே" என்று யாராவது சொன்னால் நெஞ்சில் சுருக்கென்று குத்தும். எனக்கும் குத்தியது. மருமகளிடம் நேராகவே கேட்டேன். அவள் உட்கார்ந்து விளக்கினாள். சிலைகளுக்கு மதுவை ஊற்றிப் படைத்த காலத்தில் வந்த விதி, கூடவே மற்ற மதத்தாரோடு சேர்ந்து குடித்துச் சம்பந்தம் ஆகிவிடக் கூடாது என்ற எண்ணமும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னாள். அந்த விதி எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் அதே மேசையில், அதே தட்டில், பாட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் எனக்குச் சோறு போட்டார்கள். நீங்களும் இதை வைத்தே பாருங்கள். விதி என்ன என்று கேளுங்கள். பதில் சொல்கிற வீட்டில் தங்கலாம். தரையில் உட்கார், மீந்ததைச் சாப்பிடு, தனித் தம்ளர் என்று யாராவது நடத்தினால், அதற்கு அவர்கள் மதத்தில் எந்த விதியும் கிடையாது. உடனே ஏஜென்சியிடம் சொல்லி வீடு மாறுங்கள்.

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன்பே தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத் என்ற ஓய்வுநாள், ஏறத்தாழ 25 மணி நேரம். டிசம்பரில் மாலை 4 மணியைத் தாண்டியதுமே வந்துவிடும், ஜூனில் 7 மணிக்குப் பிறகு. 39 வகை வேலைகள் தடை. நெருப்பு மூட்டுவது, சமைப்பது, எழுதுவது, கிழிப்பது, பிழிவது எல்லாம் அதில் அடங்கும். மின்சாரமும் அந்தக் கணக்குத்தான். வாகனம் ஓடாது, பேருந்து வராது, கடை மூடிவிடும். ஆகவே மருந்து, டயப்பர், குளுக்கோமீட்டர் பட்டை எல்லாவற்றையும் வியாழக்கிழமையே எண்ணிப் பாருங்கள்.

வெள்ளி மதியம் உங்கள் வேலை: சூட்டுத் தட்டையும் வெந்நீர்க் கொதிகலனையும் போட்டாயிற்றா, டைமர் விளக்குகள் சரியா, குளிர்பெட்டிக்குள் இருக்கும் பல்பை அணைத்தாயிற்றா என்று வீட்டாரோடு சேர்ந்து பார்ப்பது. கழிப்பறையில் சுருள் காகிதத்தை எடுத்துவிட்டு, கிழிக்கத் தேவையில்லாத டிஷ்யூ பெட்டி வைப்பது. பாட்டியைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுவதையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவது. பிறகு அவர் மெழுகுவர்த்தி ஏற்றுவார். கை நடுங்கினாலும் அவரேதான் ஏற்ற ஆசைப்படுவார். மணிக்கட்டுக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்துத் தாங்குங்கள், தீக்குச்சியை நீங்கள் பிடிக்காதீர்கள். ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி அறையில் தீ கூடாது. மருத்துவமனைகளில் மின்விளக்கு ஏற்றும் ஏற்பாடு உண்டு, அதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஷபாத் தொடங்கிய பிறகு உங்களை யாரும் "லைட் போடு" என்று சொல்ல மாட்டார்கள். தங்களுக்குத் தடையான வேலையை மற்றவரை விட்டுச் செய்யச் சொல்லவும் கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் நோயாளிக்குத் தேவையானதை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். மின்கட்டிலை உயர்த்துவது, ரத்தச் சர்க்கரை பார்ப்பது, ஈரத்துணி பிழிந்து உடம்பு துடைப்பது எல்லாம் உங்கள் வேலை, யாரையும் கேட்க வேண்டாம். செய்யக் கூடாதது ஒன்று: நல்ல எண்ணத்தில் அடுப்பைப் பற்ற வைத்து வீட்டாருக்கு உணவைச் சுடவைப்பது. அந்த உணவை அன்று அவர்கள் சாப்பிட முடியாமல் போய்விடும். உங்களுக்காக நீங்கள் போடும் விளக்கில் அவர்களும் உட்காரலாம், அதில் சிக்கல் இல்லை.

உயிர் ஆபத்து என்று வந்தால் எந்தத் தடையும் கிடையாது. அவர்கள் மதமே அப்படித்தான் கட்டளையிடுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பக்கவாத அறிகுறி என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் 101ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்போது குடியிருப்பின் இரும்புக் கதவை யார் திறப்பார் என்று வெள்ளிக்கிழமையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அந்தக் காவலாளி எண்ணைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியே வைத்திருந்தேன்.

அன்றாடம் காலையில் கண் விழித்ததும் கை கழுவுவார்கள். படுக்கையில் இருப்பவருக்கு ஒரு தட்டையும் இரண்டு பிடி வைத்த குவளையையும் கொண்டுபோய், வலது, இடது என மாற்றி மாற்றி மூன்று முறை ஊற்றுங்கள். காபிக்கு முன் இது. ஆண்களிடம் கை நீட்டி வணக்கம் சொல்லாதீர்கள், அவர்கள் கை கொடுக்க மாட்டார்கள். மகனோ மருமகனோ வந்து பேசும்போது அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். முழங்கை மறையும் சட்டை, நீளப் பாவாடை இருந்தால் நல்லது. முட்டிக்குக் கீழே இறங்கும் சுடிதாரை என் குடியிருப்பில் ஏற்றுக்கொண்டார்கள்.

பஸ்கா வாரம்

யூதர்களின் பண்டிகை, மார்ச், ஏப்ரலில் வரும். ஏழு நாள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் கலந்த எதுவும் வீட்டில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. வாரக்கணக்கில் சுத்தம் செய்வார்கள், உங்கள் அறையும் சேர்த்து. பிஸ்கட், நூடுல்ஸ், சேமியா சரி, நாம் மறக்கும் பொருள் கூட்டுப் பெருங்காயம். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். முன்பே எடுத்துக் காட்டுங்கள், கட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஐரோப்பிய வழிக் குடும்பம் என்றால் அந்த வாரம் அரிசியும் பருப்பும்கூடக் கிடையாது. உருளைக்கிழங்கு, முட்டை, மீன், பழம் வைத்து ஓட்ட வேண்டும். ஈராக் வழி வீட்டில் அரிசி உண்டு, மூன்று முறை பொறுக்கிய பிறகு. எந்த வழிக் குடும்பம் என்பதை வேலைக்குச் சேரும்போதே கேட்பது இதற்காகத்தான்.

சைரன்

2021 மே மாதம் அஷ்கெலோனில் கேரளத்துப் பராமரிப்பாளர் ஒருவர் ராக்கெட் விழுந்து இறந்தார். 2023 அக்டோபர் முதல் 2024 நவம்பர் வரை வடக்கு மலைகளிலும் ராக்கெட் விழுந்துகொண்டே இருந்தது. புது வீடுகளில் கான்கிரீட் பாதுகாப்பு அறை இருக்கும், பழைய வீடுகளிலும் பெட்டி வீடுகளிலும் இருக்காது. அந்த அறை எங்கே, சைரன் ஒலித்ததும் பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி அங்கே கொண்டுபோக எத்தனை வினாடி ஆகிறது என்று முதல் வாரமே ஒத்திகை பாருங்கள். பாட்டியை அந்த அறையிலேயே படுக்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எச்சரிக்கைச் செயலியை உங்கள் போனில் போட்டு, ஷபாத்திலும் அணைக்காமல் வையுங்கள். டெல் அவிவில் உள்ள இந்தியத் தூதரகம் வெளியிடும் அறிவிப்புகளைத் தவறாமல் படியுங்கள்.

பெட்டியில்

கம்பளி உள்ளாடை, ஸ்வெட்டர், வழுக்காத காலணி கட்டாயம். சஃபேத் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், சில வருடங்களில் பனியே பெய்யும். மழை அங்கே குளிர்காலத்தில்தான், கோடை முழுக்க ஒரு சொட்டு விழாது. அரைத்த மசாலாவைவிட முழு மிளகு, சீரகம், மிளகாய், மல்லி எடுத்துப் போவது எளிது, வீட்டார் பார்த்ததும் சம்மதிப்பார்கள். வீட்டில் சொல்லி வையுங்கள்: அங்கே நேரம் கோடையில் நம்மைவிட இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும் பின்னால். வெள்ளி இரவிலிருந்து சனி இரவு வரை உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசலாம், பாட்டியின் முன்னால் எடுக்க வேண்டாம். வீடியோவில் பிள்ளைகளை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு காலையை வைத்துக்கொள்ளுங்கள்.